வன்னியில் வரி கட்டாதவர் யார்?

விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: “எங்கள் ஊரில் உத்தியோகம் பார்க்கிற நாலைந்து பேரைத் தவிர ஒருவரும் வரி கட்டுவதில்லை. ஆனால் நாடு மக்களின் வரிக் காசில் ஓடுகிறது என்கிறார்கள். பொருட்கள், சேவைகள் மீதான வரியால் அரசுக்கு எவ்வளவு வருகிறது? அதில் வன்னியில் இருக்கிற எங்களுக்கும் பங்கு உண்டா? கடைக்காரர் பில்லில் வற் என்று எழுதினால் அது சரியா?”

நான் கிளிநொச்சியில் ஒரு அரச அலுவலகத்தின் கணக்குக் கிளையில் பல வருடம் இருந்தவன். அந்த மேசையில் இருந்தபோது இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் ஊரில் வரி கட்டாத ஆள் ஒருவரும் இல்லை. காலையில் தேத்தண்ணிக்குச் சீனி வாங்கிய அம்மா கட்டிவிட்டார். வயலுக்குப் போக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்த அப்பா கட்டிவிட்டார். போனுக்கு ரீலோட் போட்டபோது நீங்களும் கட்டிவிட்டீர்கள். நீங்கள் சொல்லுகிற உத்தியோகத்தர்கள் கட்டுவது வருமான வரி. 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 ரூபாய்க்கு மேல் உழைப்பவருக்குத்தான் அது வரும். நம் பக்கத்தில் அவ்வளவு உழைப்பவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இலங்கை அரசு பெரும்பாலும் அந்த வரியை நம்பி இருந்ததே இல்லை.

2024 இல் அரசின் மொத்த வரி வருமானம் ஏறத்தாழ 3,700 பில்லியன் ரூபாய். அதில் பெறுமதி சேர் வரி, அதாவது வற், தனியாகவே 1,300 பில்லியன் அளவு. தனி ஆட்களும் கம்பனிகளும் கட்டிய வருமான வரி எல்லாவற்றையும் கூட்டினாலும் ஆயிரம் பில்லியனைச் சற்றுத்தான் தாண்டும். மிச்சம் மதுவரி, சிகரெட் வரி, எரிபொருள் வரி, வாகன வரி, சுங்கத் தீர்வை, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, விசேட பண்ட அறவீடு என்று பல பெயர்களில் வருகிறது. நூறு ரூபாய் வரி வந்தால் அதில் எழுபது, எண்பது ரூபாய் பொருளோடும் சேவையோடும் ஒட்டிக்கொண்டு வருவதுதான் இந்த நாட்டின் நெடுநாள் வழக்கம். சர்வதேசக் கணக்குகளில் இறக்குமதித் தீர்வையைத் தனி வரிசையில் வைப்பார்கள், அதனால் அங்கே இந்தப் பங்கு குறைவாகத் தெரியும். வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் இல்லை, இரண்டும் அவர் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கின்றன.

ஏன் இப்படி? இலகுவாக அறவிடலாம், அவ்வளவுதான். வருமான வரி எடுக்க வேண்டுமென்றால் ஆளைத் தேட வேண்டும், கணக்குக் கேட்க வேண்டும், வழக்குப் போட வேண்டும். பொருள் மீதான வரிக்குக் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கதவு போதும். கப்பலில் வந்த சாமான் சுங்கத்தைத் தாண்டும்போதே வற்றும் தீர்வையும் எடுபட்டுவிடும். சிகரெட்டுக்கும் சாராயத்துக்கும் தொழிற்சாலை வாசலிலேயே எடுபட்டுவிடும். அங்கிருந்து ஏ9 வீதியால் பொருள் வன்னிக்கு வந்து சேரும்போது வரி ஏற்கனவே திறைசேரிக்குப் போயிருக்கும். அதைக் கட்டினோம் என்ற நினைவே நமக்கு இருப்பதில்லை.

வற் எப்படி ஏறுகிறது என்பதை ஒரு கூரைத் தகரத்தை வைத்துப் பார்ப்போம். இவை கணக்குக்காக நான் எடுத்த தொகைகள். தொழிற்சாலை ஒரு தகரத்துக்கு 1,000 ரூபாய் விலை வைக்கிறது. வற் 18 சதவீதம், அதாவது 180 ரூபாய். மொத்த வியாபாரி 1,180 கொடுத்து எடுக்கிறார். தன் செலவும் இலாபமும் சேர்த்து 1,200 என்று விலை வைத்து, அதற்கு வற் 216 போட்டு, 1,416 க்கு விற்கிறார். அந்த 216 இல் தான் முன்பு கட்டிய 180 ஐக் கழித்து, மிச்சம் 36 ரூபாயை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுகிறார். ஒவ்வொரு கையிலும் கூடின பெறுமதிக்கு மட்டும் வரி என்பதால்தான் அந்தப் பெயர்.

இப்போது அந்தத் தகரம் புதுக்குடியிருப்பில் ஒரு சின்ன ஹாட்வெயார் கடைக்கு வருகிறது. வருடத்துக்கு 60 மில்லியன் ரூபாய்க்கு, அதாவது மூன்று மாதத்துக்கு 15 மில்லியனுக்கு மேல் வியாபாரம் செய்பவர்தான் வற்றுக்குப் பதிய வேண்டும் என்று 2024 ஜனவரியில் எல்லை வைத்தார்கள். இந்தக் கடைக்கு அவ்வளவு வியாபாரம் இல்லை. ஆகவே கடைக்காரர் வற் போட முடியாது, தான் கட்டிய 216 ஐக் கழிக்கவும் முடியாது. அதை விலைக்குள்ளேயே வைத்து, 150 ரூபாய் இலாபமும் சேர்த்து, 1,566 க்கு உங்களுக்குத் தருகிறார். பில்லில் வரி என்ற சொல்லே இருக்காது. ஆனால் நீங்கள் கொடுத்த காசில் நூற்றுக்குப் பதினான்கு ரூபாய் அளவு வற். மீள்குடியேறி வந்து வீட்டுக்குத் தகரம் போட்ட ஒவ்வொரு குடும்பமும், வீதம் அன்றைக்கு எவ்வளவாக இருந்ததோ அதன்படி, இப்படித்தான் கட்டியது.

சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி இதைவிடப் பொல்லாதது. விற்பனைத் தொகை மேல் போடுகிற இந்த வரி 2022 ஒக்டோபரில் 2.5 சதவீதத்தில் வந்தது. இதற்கு முன்னே கட்டியதைக் கழிக்கிற வழி இல்லை. ஒரு பொருள் எத்தனை பெரிய வியாபாரிகளின் கை மாறுகிறதோ அத்தனை தரம் ஏறும். கொழும்பிலிருந்து தூரத்தில், இடையில் பல கைகள் தாண்டி வருகிற பொருளை வாங்கும் நமக்கு இது கூடுதலாக விழும்.

ரீலோட்டை எடுத்தால் தொலைத்தொடர்பு வரி 15 சதவீதம், அதற்கு மேல் வற், அதற்கு மேல் மற்றவை. வரிக்கு மேல் வரி ஏறுவதால், கதைக்கிற கட்டணத்தில் எல்லாம் சேர்ந்து நாற்பது சதவீதத்தைத் தாண்டிவிடும். டேட்டாவுக்கு இதைவிடக் குறைவு. எரிபொருளில் இன்னொரு சங்கதி இருக்கிறது. வழமையான வரிகளோடு, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்கவென்று 2023 இல் இருந்து லீற்றருக்கு 50 ரூபாயும் எடுத்தார்கள். சட்டத்தில் அதற்கு வரி என்று பெயர் இல்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினுக்கு டீசல் அடிக்கிறவரின் பையில் இருந்து போவது ஒரே காசுதான்.

சரி, உங்கள் அப்பாவின் வயலுக்கு வருவோம். எனக்கு அதிகம் மனம் நோகும் இடம் இது. நெல்லுக்கும் அரிசிக்கும் வற் இல்லை, அது விலக்களிக்கப்பட்ட பொருள். கேட்டால் கமக்காரருக்குச் சலுகை போலத் தெரியும். ஆனால் விலக்கு என்பது ஒன்று, பூச்சிய வீதம் என்பது வேறொன்று. வெளிநாட்டுக்கு ஆடை அனுப்பும் தொழிற்சாலைக்குப் பூச்சிய வீதம் கிடைக்கிறது. அது தன் விற்பனைக்கு வற் கட்டாது, துணிக்கும் நூலுக்கும் கட்டிய வற்றையும் திரும்பக் கேட்கலாம். விலக்கு உள்ள கமக்காரருக்கு அந்த இரண்டாவது உரிமை இல்லை. 2024 தொடக்கத்தில் பல விலக்குகளை எடுத்தபோது பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவற்றோடு பசளைக்கும் வற் வந்தது. உழவுக்கு டீசல், பசளை, மெசினுக்கு உதிரிப்பாகம், நெல் கட்டச் சாக்கு என்று எல்லாவற்றிலும் வற்றைச் சுமந்து, இரணைமடுத் தண்ணீரில் விளைவித்த நெல்லை அவர் ஆலைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுக்கிறார். அந்த விலைக்கு மேல் வரியென்று ஒரு சதமும் சேர்க்க அவரால் முடியாது. கடைக்காரர் தன் சுமையை வாங்குகிறவர் மேல் இறக்குவார். கமக்காரருக்கு இறக்கி வைக்க ஆளில்லை.

ஏழை, பணக்காரர் விடயமும் இதோடு சேர்ந்தது. வருமானம் கூடியவர் ஒரு பகுதியைச் சேமிப்பார், காணி வாங்குவார், வெளிநாட்டில் பிள்ளையைப் படிப்பிப்பார். உழைப்பதை அன்றன்றே கடையில் கொடுக்கிறவருக்கு வருமானம் எல்லாமே வரிக்குள் அகப்படுகிறது. 2019 ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு 44.5 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாட்டிலேயே அதுதான் ஆகக் கூடிய அளவு. இப்போது அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் கொடுக்கிறார்கள். மாதம் 10,000 ரூபாய் பெறுகிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அரிசி, மரக்கறி, மருந்து நீங்கலாக, சவர்க்காரம், பிஸ்கட், உடுப்பு, கொப்பி, பெற்றோல் என்று அவர்கள் மாதம் 25,000 ரூபாய் செலவழிக்கிறார்கள் என்று வைப்போம். தகரத்தில் பார்த்த அதே பங்கைப் போட்டால் 3,500 ரூபாய் வற்றாகத் திரும்பிப் போகிறது. கிடைத்த பத்தில் மூன்றரை. உதவி பெறுகிற வரிசையில் அவர்களின் பெயர் இருக்கிறது, வரி கட்டுகிறவர்களின் கணக்கில் அவர்களை ஒருவரும் எண்ணுவதில்லை.

வன்னிக்கு இந்த வகை வரி புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர்கள் யானையைத் திறையாகக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் நெல்லுக்கு வரி எடுத்தார்கள், 1892 இல்தான் அதைக் கைவிட்டார்கள். உப்பை அரசின் தனியுரிமையாக வைத்து அதிலும் வருமானம் பார்த்தார்கள். நமக்கு நினைவுள்ள காலத்தில், 2002 இல் ஏ9 திறந்த பிறகு ஓமந்தையில் இராணுவச் சோதனை, புளியங்குளத்தில் புலிகளின் சோதனை. அங்கே லொறியை மறித்துச் சாமானைப் பட்டியல் போட்டு அவர்களும் வரி எடுத்தார்கள். கொழும்பில் ஒரு தரம் வரி ஏறிய பொருள் வன்னிக்குள் இரண்டாம் தரமும் ஏறியது. அதற்கு முன், 1990களில், தேசிய பாதுகாப்பு வரி என்று ஒன்றும் இருந்தது. போர்ச் செலவுக்கென்று பொருட்கள் மேல் போட்ட வரி. பொருளாதாரத் தடைக்குள்ளால் எப்படியோ வன்னிக்கு வந்து சேர்ந்த ஒரு சவர்க்காரக் கட்டியின் விலைக்குள்ளும் அது இருந்தது. இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்த சனம் அதையும் கட்டியது என்பதை நான் மறக்கவில்லை. 2002 ஓகஸ்டில் வற் வந்தபோது அந்த வரியும், 1998 இல் வந்த பொருட்கள் சேவைகள் வரியும் ஒன்றாகி அதற்குள் போயின.

வற்றின் வீதம் அதன்பின் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால்தான் அரசு இதை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று விளங்கும். 2016 நவம்பரில் 15 சதவீதம். 2019 டிசம்பரில் ஒரேயடியாக 8. அதோடு பதிவு எல்லையை வருடத்துக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனுக்குத் தூக்கினார்கள், பதிந்திருந்த ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் வலையிலிருந்து வெளியே போயின. விற்பனைத் தொகை மேல் இருந்த தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியையும் நீக்கினார்கள். 2019 இல் 444 பில்லியனாக இருந்த வற் வருமானம் 2020 இல் 234 பில்லியன் அளவுக்கு விழுந்தது. கொரோனாவும் ஒரு காரணம்தான், ஆனால் பாதியளவு போனதற்கு அது மட்டும் காரணமில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. பிறகு அதே வருடம் ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வரியைக் குறைத்தபோது நம் பக்கத்துக் கடைகளில் விலை குறைந்ததை நான் காணவில்லை. கூட்டியபோது அடுத்த நாளே கூடியதைக் கண்டேன்.

சீனியின் கதையும் அதுதான். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கு இருந்த கிலோவுக்கு 50 ரூபாய் விசேட பண்ட அறவீட்டை 25 சதமாக்கினார்கள். ரூபாய் அல்ல, சதம். நியாயப்படி கடையில் அவ்வளவும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அரசுக்கு 1,600 கோடி ரூபாய் அளவு இழப்பு என்று நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. 2023 நவம்பரில் திரும்பவும் 50 ரூபாய் ஆக்கினார்கள், அந்த முறை சீனி விலை உடனே ஏறியது. வரியைக் குறைத்தால் சனத்துக்கு நன்மை என்று யாராவது மேடையில் சொன்னால், அந்தக் காசு எந்தக் கையில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

சேர்த்த காசு எங்கே போகிறது என்பது உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2023 இல் அரச வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது கடனுக்கான வட்டிக்கு மட்டும் போனது. அப்புறம் சம்பளம், ஓய்வூதியம். அவற்றுக்கும் மேலதிகக் கடன் எடுத்தார்கள். வீதிக்கும் குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். மாகாணத்துக்கென்று முன்பு சொந்தமாகப் புரள்வு வரி, அதாவது மொத்த விற்பனைத் தொகை மேலான வரி, இருந்தது. 2011 இல் அதை எடுத்துவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியும் போனது. வன்னியில் ஒரு கடையில் விற்கும் சவர்க்காரத்தின் வற் இன்று முழுதாகக் கொழும்புக்குப் போய், அங்கே ஒதுக்கீடு என்று முடிவாகி, பிறகு அதில் ஒரு பகுதி வடக்குக்குத் திரும்புகிறது. அந்த ஒதுக்கீட்டுக்காக மாவட்ட செயலகங்களிலும் பிரதேச செயலகங்களிலும் நாங்கள் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு அலுமாரி நிறையும். எங்கள் காசைத்தான் கேட்கிறோம் என்று அந்தக் கடிதங்களில் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசிக் கேள்வி, பில்லில் வற் எழுதுவது. பதிந்த வியாபாரி மட்டுமே வற்றைத் தனியாகப் போட்டு அறவிடலாம். அவர் தன் பதிவு இலக்கத்தைப் பில்லில் காட்ட வேண்டும். அந்த இலக்கம் அவருடைய வரி செலுத்துவோர் இலக்கத்தோடு 7000 என்று முடியும். இலக்கம் இல்லாமல் 18 சதவீதம் என்று எழுதியிருந்தால், அந்தக் காசு திறைசேரிக்குப் போகாது, எழுதியவரின் காசுப்பெட்டிக்குள் போகும். அது குற்றம்.

எனக்கே ஒரு தரம் நடந்தது. வீட்டு மதிலுக்குக் கம்பியும் சீமெந்தும் வாங்கினேன். விலைக்குக் கீழே பேனையால் வற் என்று எழுதி ஒரு தொகை போட்டுத் தந்தார்கள். “தம்பி, உங்கள் வற் இலக்கத்தையும் இதில் எழுதித் தாருங்கோ” என்று மட்டும் கேட்டேன். காசு மேசையில் இருந்த பொடியன் உள்ளே போய் முதலாளியிடம் கதைத்துவிட்டு வந்தான். வேறொரு பில் எழுதினான். அதில் அந்த வரி இல்லை. எனக்குப் பின்னால் முறிகண்டிப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் தண்ணீர்ப் பம்புக்குக் குழாய் வாங்கிக்கொண்டு நின்றார். தன் பில்லையும் எடுத்து மேசையில் வைத்து, “அப்ப எனக்கும் மாத்தித் தாங்கோ” என்றார்.